ஆறு பேருக்கு ஒரு கிழமை

அருமைநாதன் தனக்கென்று ஒரு பொருளை ஆசைப்பட்டு வாங்கியதை முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் சிவாஜினி கண்டதில்லை. சப்பாத்தின் அடி தேய்ந்து தண்ணீர் உள்ளே வரத் தொடங்கினால்தான் புதிது வாங்குவார். குளிர்ச்சட்டையின் சிப் பழுதானால் அதை மாற்றித் தைப்பித்துக்கொண்டு இன்னும் இரண்டு பனிக்காலம் ஓட்டுவார். மொன்றியல் துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு ட்ரக் ஓட்டத் தொடங்கி இருபத்தாறு வருடமாகிறது. விடுமுறைக்கு எங்கேயாவது போவோம் என்று ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. அதனால்தான், பக்கத்து நகரமான லவாலில் ஒரு ஹொட்டல் மண்டபத்தில் அந்த மனுசன் பேனையைக் கையில் எடுத்தபோது, தடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தொடக்கி வைத்தது என்னவோ சிவாஜினிதான். லவாலில் உள்ள கடைத்தொகுதி ஒன்றில் போட்டிருந்த மேசையில் ஒரு சீட்டை நிரப்பிப் பெட்டிக்குள் போட்டாள். அதை மறந்தும் விட்டாள். இரண்டு கிழமை கழித்துப் போன் வந்தது. நல்லதொரு உணவகத்தில் இருவருக்கான சாப்பாடு பரிசாக விழுந்திருக்கிறதாம்; கணவனும் மனைவியுமாகச் சனிக்கிழமை வந்து ஒன்றரை மணித்தியாலம் ஒரு விளக்கத்தைக் கேட்டால் போதுமாம். மார்ச் மாதம், பனி கரையத் தொடங்கி வீதியெல்லாம் சேறு. வீட்டில் இருந்து என்ன செய்யப் போகிறோம் என்று இருவரும் வெளிக்கிட்டுப் போனார்கள்.

ஒன்றரை மணித்தியாலம் ஐந்து மணித்தியாலமாக நீண்டது. கரீபியன் கடலோரத்தில் ஒரு விடுதி. அதில் ஆண்டுக்கு ஒரு கிழமை, ஏழு நாள், தங்கும் உரிமையை விலைக்கு வாங்கிவிட்டால், காலம் முழுக்க அந்தக் கிழமை உங்களுடையது. டைம்ஷெயர் என்பது அதன் பெயர். கெரோலின் என்ற பெண் அவர்களுடைய மேசையில் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும், நல்ல முகம், அவசரமில்லாத பேச்சு. அருமைநாதன் இரண்டு முறை வேண்டாம் என்றார். சிவாஜினி மூன்று முறை சொன்னாள். கெரோலின் கோபிக்கவில்லை, இன்னொரு கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

நேரம் போய்க்கொண்டிருந்ததால், அன்றிரவு வேலையை மாற்றிக்கொள்ளச் சிவாஜினி வெளியே போய்ப் போன் கதைத்தாள். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் அவளுக்கு வேலை. திரும்பி வந்தபோது அருமைநாதன் கதைத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கற்ற பிரெஞ்சில், தேடித் தேடி, கையை அசைத்து, விடாமல் கதைத்துக்கொண்டிருந்தார். கெரோலின் ஒரு தாளில் வீட்டின் படம் கீறியிருந்தாள்: இரண்டு படுக்கை அறை, விரித்தால் கட்டிலாகும் சோபா, கடலைப் பார்த்த பல்கணி. அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைச் சிவாஜினி கடைசியாக எப்போது பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் கையெழுத்து வைத்தார். பக்கத்தில் அவளும் வைத்தாள். முற்பணம் கடனட்டையில் போனது.

திங்கட்கிழமை வேலையில், தட்டுகளில் வெண்ணெய்க் கட்டிகளை அடுக்கிக்கொண்டே, பக்கத்தில் நின்ற அன்டனிடம் விசயத்தைச் சொன்னாள். ஒருவித பெருமையுடன்தான் சொன்னாள். அன்டன் கையுறையைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தான். அவனுடைய மச்சான் இப்படி ஒன்றை வாங்கிப் பதினொரு வருடமாகிறதாம். பராமரிப்புக் கட்டணம் என்று வருடா வருடம் ஒரு தொகை. அதுவும் ஏறிக்கொண்டே போகிறது. விற்கவும் முடியவில்லை, சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

“இப்பத்தானே அக்கா கையெழுத்து வைச்சனீங்கள்?” என்றான் அன்டன். “தொடக்கத்தில கொஞ்ச நாள் தருவாங்கள், வேண்டாம் எண்டால் விட. தாளுக்குள்ள எங்கையோ எழுதியிருக்கும். இண்டைக்கே எடுத்துப் பாருங்கோ.”

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் ஒப்பந்தத்தைக் குசினி மேசையில் வைத்து வாசித்தாள். பார்க் எக்ஸ்டென்சனில் குடியேறிய புதிதில் மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தவள் அவள். வேலையிலும் அதுதான் மொழி. ஆனாலும் ஒவ்வொரு பந்தியையும் இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது. செல்லப்பிராணிகள் பற்றிய பந்திக்கும் நீச்சற்குளத் துவாய்கள் பற்றிய பந்திக்கும் நடுவில் அவள் தேடியது இருந்தது. கையெழுத்திட்டுப் பத்து நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். எழுத்தில் அறிவிக்க வேண்டும். கையெழுத்திட்ட இருவரும் அந்தக் கடிதத்தில் ஒப்பமிட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

பத்தாம் நாள் அடுத்த செவ்வாய்க்கிழமை என்று கணக்குப் பார்த்தாள். நிம்மதியாக இருந்தது. அருமைநாதனுக்கும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள்.

அவர் வேலையால் வந்து கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள். அன்டனின் மச்சான் கதை, ஏறிக்கொண்டே போகும் கட்டணம், முடிவுத் திகதியே இல்லாத ஒப்பந்தம் எல்லாவற்றையும் சொல்லி, நாளைக்கே கடிதம் எழுதிவிடலாம் என்றாள்.

“ஏன் ரத்துச் செய்வான்?” என்றார் அவர்.

அவர் புரியாமல் கேட்கிறார் என்று எண்ணி மறுபடி தொடக்கத்திலிருந்து சொன்னாள். அவர் புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “அது இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார். எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை சிவாஜினி நிறுவனத்தின் வாடிக்கையாளர் இலக்கத்துக்குப் போன் எடுத்தாள். ரத்துச் செய்வது பற்றி மூச்சு விடவில்லை. புதிதாக வாங்கிய ஆர்வத்தோடு கேட்பவள்போல, யூலையில் ஒரு கிழமை, இரண்டு அறையுள்ள வீடு, எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். மறுமுனையில் இருந்தவர் தேடிப் பார்த்தார். இந்த வருடம் யூலையில் இல்லை. அடுத்த வருடமும் இல்லை. அதற்கு அடுத்த வருடமும் இல்லை. நத்தார் விடுமுறையும் அப்படித்தான். இப்போது வேண்டுமென்றால் ஒக்ரோபர் இரண்டாம் கிழமை தரலாம். ஆனால் ஓர் அறை வீடுதான் இருக்கிறது.

இதைச் சொன்னதும் அவர் மனம் மாறிவிடும் என்று நம்பினாள். மாறவில்லை. “முதல் வருசம் அப்பிடித்தான் இருக்கும். பேந்து சரிவரும்” என்றார். அவருடைய குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபத்தோடு எப்படிக் கதைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை, இலவசமாகச் சட்டத் தகவல் சொல்லும் ஓர் இடத்துக்குப் போன் எடுத்து விசாரித்தாள். அங்கே இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்யச் சொன்னாள். காரணம் எழுதத் தேவையில்லை, விளக்கம் தேவையில்லை, நான்கு வரி போதும். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். தபாலில் போட்ட நாள்தான் கணக்கு. இருவரும் ஒப்பமிட வேண்டும் என்று எழுதியிருந்தால் இருவரும் ஒப்பமிடத்தான் வேண்டும். “உங்கள் கணவரும் சம்மதம்தானே, மடாம்?” என்று கேட்டாள். சிவாஜினி ஓம் என்று சொல்லி நன்றி கூறி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஒப்பந்தத்தை வேலைக்குக் கொண்டுபோனாள். மதிய இடைவேளையில் ஓய்வறையின் ஓரத்தில் உட்கார்ந்து, அவருக்குச் சொல்ல இன்னும் ஏதாவது கிடைக்காதா என்று பக்கங்களைப் புரட்டினாள். பின்னிணைப்பு என்று கடைசியில் சில தாள்கள் இருந்தன. அவற்றை அவள் முதல்நாள் பார்க்கவில்லை. அதில் ஒன்று உரித்தாளிகளின் பட்டியல்: தங்கும் உரிமையைப் பயன்படுத்தக்கூடிய, காலப்போக்கில் அதைப் பெற்றுக்கொள்ளக்கூடிய குடும்பத்தவரின் பெயர்களை வாங்குபவர் எழுதவேண்டிய இடம்.

அருமைநாதனின் கையெழுத்து. ஆங்கில எழுத்தைத் தனித்தனியாக, கட்டம் கட்டமாக எழுதுகிற அவருடைய கை. நிதுசன். கோபிகா. வினோஜா. கடைசியில், கொஞ்சம் சிறிய எழுத்தில், பேத்தி சாம்பவி.

சிவாஜினி சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

மகன் நிதுசன் கல்கரியில் இருக்கிறான். கோபிகா அவன் மனைவி. மகள் வினோஜா தன் பிள்ளை சாம்பவியோடு ரொறன்ரோவில். மூன்று வருடத்துக்கு முன்னர் வினோஜாவின் கலியாணம் குலைந்தது. அவளுடைய புருசன் நிதுசனின் பால்ய சிநேகிதன். நிதுசன் மூலம்தான் அந்தச் சம்பந்தமே வந்தது. பிரிந்த சமயத்தில் நிதுசன் போனில் தங்கையிடம், கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு பேச்சோடு எல்லாம் நின்றது. அவன் வரும்போது அவள் வரமாட்டாள். அவள் வரும் நாட்களைக் கேட்டுவிட்டு அவன் டிக்கெட் போடமாட்டான். இப்போதெல்லாம் இருவருமே வருவதில்லை. இருவரோடும் கதைப்பது சிவாஜினிதான். அண்ணனைப் பற்றித் தங்கையிடமும் தங்கையைப் பற்றி அண்ணனிடமும் எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவளுக்கு ஓர் அளவு இருந்தது. அருமைநாதனிடம், எல்லாரும் சுகமாக இருக்கினம் என்று சொல்வாள். அவரும் தலையை ஆட்டுவார். அவர் அதற்கு மேல் கேட்காததால், அவருக்கு அது பெரிய விசயமில்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஆறு பேருக்கு இடமுள்ள வீடு. வருடத்தில் ஒரு கிழமை. தாளில் பேர் போட்டுக் காசும் கட்டிவிட்டால் பிள்ளைகள் வந்துதானே ஆகவேண்டும் என்று அந்த மனுசன் நினைத்திருக்கிறார். கேட்கத் தெரியாமல், கேட்கப் பயந்து, வாங்கியிருக்கிறார்.

அதைப் புரிந்துகொண்ட பிறகு அவருடன் வாதாட அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் நாள் போய்க்கொண்டிருந்தது. பட்டியலுக்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வசனமும் இருந்தது: வாங்கியவர்களின் காலத்துக்குப் பின் உரிமை யாருக்குப் போகிறதோ, வருடக் கட்டணமும் அவர்களுக்கே போகும்.

வெள்ளிக்கிழமை அவருக்குப் பின்னேர வேலை. சிவாஜினி தனியே இருந்து கடிதத்தை எழுதினாள். நான்கு வரி. தன் ஒப்பத்தை வைத்தாள். பிறகு பக்கத்தில் அவருடைய ஒப்பத்தையும் வைத்தாள். அது அவளுக்குப் புதிய வேலையில்லை. பள்ளிக்கூடப் படிவம், பஸ் பயண அனுமதி, பிள்ளைகளின் தடுப்பூசித் தாள் எல்லாவற்றிலும் அவர் வேலையில் நின்ற நாட்களில் அவளே அந்த ஒப்பத்தைப் போட்டிருக்கிறாள். வங்கிக்காரனாலும் கண்டுபிடிக்க முடியாது.

சனிக்கிழமை காலை மருந்துக்கடைக்குள் இருக்கும் தபால் கருமபீடத்தில் வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு பேர். பிறகு ஒருவர். கடித உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஒன்று அவளை உறுத்தியது. பிடிபட்டுவிடுவேனோ என்ற பயமில்லை அது. இந்த வீட்டில் அவருக்குப் பதிலாக எத்தனை விசயங்களை நான் செய்திருக்கிறேன் என்பதுதான். அவருக்குப் பதிலாகக் கதைத்தது, அவருக்குப் பதிலாகத் தீர்மானித்தது, அவருக்குத் தெரியவேண்டாம் என்று மறைத்தது. இதுவும் அந்தக் கணக்கில் போய்ச் சேரும். அவர் கேட்ட ஒரேயொரு பொருளை, அவர் கையாலேயே வேண்டாம் என்று எழுதி அனுப்பியதாக.

“Suivant”, அடுத்தவர் வரலாம் என்று கருமபீடத்துப் பெண் கூப்பிட்டாள். சிவாஜினி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த பிறகு, பெயர்கள் எழுதியிருந்த அந்தத் தாளை அவருக்கு முன்னால் வைத்தாள்.

“இதை எப்ப எழுதினனீங்கள்?”

அவர் தாளைப் பார்த்தார். “நீர் போன் கதைக்க வெளியில போனீர். அப்ப.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

அவர் மேசையில் கிடந்த சோற்றுப் பருக்கை ஒன்றை விரலால் ஒற்றி எடுத்தார். “அந்தக் கெரோலின் பிள்ளை ஒரு கேள்வி கேட்டாள். உங்கட பிள்ளையள் ரெண்டு பேரும் கடைசியா எப்ப உங்களோட ஒண்டா இருந்தவை எண்டு. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தன். எனக்கு ஞாபகம் வரேல்லை.”

சிவாஜினிக்கு ஞாபகம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன், சாம்பவியின் இரண்டாவது பிறந்தநாள். அதை அவள் சொல்லவில்லை. தான் செய்ததைச் சொன்னாள். “உங்கட ஒப்பத்தை நானே வைச்சு நேற்றுத் தபாலுக்குக் கொண்டு போனனான்.”

“அனுப்பியிட்டீரோ?”

“இல்லை. திரும்பி வந்திட்டன்.”

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் இருக்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்றை முதல்முறை கவனிப்பவர்போல நெடுநேரம் பார்த்தார். அவள் கடித உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அதே நான்கு வரியை வேறொரு தாளில் எழுதி, தன் ஒப்பத்தை மட்டும் வைத்தாள். பிறகு அந்தச் சிறிய எழுத்து வசனத்தை விரலால் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சொல் சொல்லாக வாசித்தார். விளங்காத இடத்தில் அவளிடம் கேட்டார்.

“அப்ப நான் பிள்ளையளின்ர தலையில கட்டியிருக்கிறன்” என்றார்.

“நீங்கள் அப்பிடி நினைச்சுச் செய்யேல்லை. அதுகளைக் கூப்பிட வேணும் எண்டால் கூப்பிடுங்கோ. உங்கட வாயால கூப்பிடுங்கோ. இந்தத் தாள் என்னெண்டு கூப்பிடும்?”

“கூப்பிட்டு, வரமாட்டம் எண்டு சொன்னால்?”

அவர் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, பனியே இல்லாத காரைத் துடைக்க வெளியே போனார். கடிதம் மேசையில் கிடந்தது.

திங்கட்கிழமை விடிய முன்னமே வேலைக்குப் போனவர், வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அவள் கேட்கவில்லை; கேட்டால் அது மறுபடியும் தள்ளுவதாகிவிடும் என்று பட்டது. செவ்வாய்க்கிழமை அவள் எழும்பியபோது அவர் போய்விட்டிருந்தார். கடிதம் அதே இடத்தில் கிடந்தது. ஒரு ஒப்பம்தான் இருந்தது.

பத்தாவது நாள்.

அவள் டோர்வல் சமையற்கூடத்துக்குப் போன் எடுத்து இன்றைக்கு வர ஏலாது என்று சொன்னாள். பிறகு அவருக்கு எடுத்தாள். துறைமுக வாசலில் வரிசை நீளமாம். நோத்ரடாம் வீதியில், கோப்பிக்கடைக்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில் காத்து நிற்கிறாராம். “நான் வாறன்” என்றாள். “எங்கை, இஞ்சையோ?” என்றார். வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு இடத்தில் மெற்றோ மாறி, பிறகு பஸ் எடுத்துப் போனாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆற்றுப் பக்கமிருந்து காற்று முகத்தில் அறைந்தது. வீதியின் ஒரு புறம் முழுக்க வேலி; வேலிக்கு அப்பால் வீடுகளை அடுக்கிவைத்ததுபோலக் கொள்கலன்கள். இருபத்தாறு வருடமாக அவர் தினமும் வந்துபோகும் இடத்தை அவள் அன்றுதான் பார்த்தாள். ட்ரக்கின் படி அவள் இடுப்பளவு உயரத்தில் இருந்தது. அவர் மேலிருந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார். உள்ளே சூடாக இருந்தது. இருக்கைக்குப் பின்னால் அவள் முதல் நாள் இரவு கட்டி வைத்த சாப்பாட்டுப் பை தொங்கியது.

அவள் கடிதத்தை எடுக்கவில்லை. அவரே தொடங்கினார்.

“நேற்று ரெண்டு பேருக்கும் போன் எடுத்தனான். இதிலயே இருந்துதான்.”

வினோஜாவுக்கு முதலில் எடுத்திருக்கிறார். அப்பா தன்பாட்டில் போன் எடுத்ததே அவளைப் பயமுறுத்தியிருக்கிறது. அம்மாவுக்கு என்ன என்றுதான் கேட்டாளாம். எல்லாரும் ஒரு கிழமை ஓரிடத்தில் ஒன்றாக இருப்போமா என்று அவர் கேட்டார். அண்ணா வருவதென்றால் தான் வரவில்லை என்று அவள் சொன்னாள். அவர், சரி பிள்ளை என்றார். அப்படியும் போனை வைக்க மனமில்லாமல், அண்டைக்கு உனக்கு என்னம்மா நடந்தது என்று கேட்டுவிட்டார்.

“அழுதழுது சொன்னாள்” என்றார் அருமைநாதன். முன்கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவளின்ர புருசன் கை நீட்டினவனாம். சாம்பவி பாத்துக்கொண்டு நிண்டதாம். நீர் எனக்குச் சொல்லேல்லை.”

சிவாஜினி அவர் பக்கம் திரும்பினாள். “உங்களால தாங்க ஏலாது எண்டு...”

“ஓம்” என்றார். “நானும் கேக்கேல்லைத்தானே.”

அவள் எத்தனையோ முறை தன் மனதுக்குள் சரி பார்த்து வைத்திருந்த நியாயங்கள் இருந்தன. அந்த நேரம் அவற்றில் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை. அவருடைய கை கியர்த் தண்டின் மேல் கிடந்தது. அதன்மேல் தன் கையை வைத்தாள். இருவரும் வெளியில் நகரும் ட்ரக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நிதுசனைப் பற்றிச் சொன்னார். டைம்ஷெயர் என்றதுமே அவன் பதறி, உடனே கான்சல் பண்ணுங்கோ அப்பா என்றானாம். அதற்குப் பிறகுதான் அவர் தங்கைக்கு நடந்ததை அவனுக்குச் சொன்னார். சொல்லலாமா என்று வினோஜாவிடம் கேட்டு, அவள் ஓம் என்ற பிறகுதான் சொன்னார். அவனுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

“என்ன சொன்னவன்?”

“ஒண்டும் சொல்லேல்லை. போனையும் வைக்கேல்லை. அப்பிடியே கனநேரம் நிண்டவன்.”

அவர் கையை நீட்டினார். சிவாஜினி கடிதத்தையும் பேனையையும் கொடுத்தாள். ஸ்ரியரிங்கின் நடுவில் தாளை வைத்து, அந்த நான்கு வரிகளையும் வாசித்துவிட்டு, ஒப்பத்தை வைத்தார். அவள் போடுவதைவிட அவருடைய உண்மையான ஒப்பம் கொஞ்சம் கோணலாக இருந்தது. வயதாக ஆக அது மாறியிருந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

வரிசை நகர இன்னும் நேரம் இருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையில் தபால் கருமபீடம் இருந்தது. இருவருமாக நடந்து போனார்கள். அங்கே இருந்த பெண் உறையில் பட்டியை ஒட்டி, திகதி முத்திரை குத்தி, பற்றுச்சீட்டைத் தந்தாள். அருமைநாதன் அதைப் பணப்பையில் மடித்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்ததும் நின்றார். “அந்தப் பல்கணி நல்லாயிருந்தது” என்றார். சிவாஜினி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கெரோலினிடமிருந்து அருமைநாதனுக்குப் போன் வந்தது. கடிதம் கிடைத்துவிட்டதாம், மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறதாம். இன்னும் மலிவான திட்டம் ஒன்று உண்டு, ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்றாள். அவர் மறுத்தபோது, அவள் பிள்ளைகளின் பெயர்களை எடுத்தாள். நிதுசனும் வினோஜாவும் ஏமாந்து போவார்களே என்றாள். பெயர்களைச் சரியாக உச்சரித்தாள். எங்கோ எழுதி வைத்திருக்க வேண்டும்.

அருமைநாதன் போனைக் கையில் இறுகப் பிடித்தார். பிறகு, நிறுத்தி நிறுத்தி, பிரெஞ்சில் சொன்னார்: மடாம், என் பிள்ளைகளோடு நான் கதைத்துவிட்டேன். அது போதும். மெர்சி.

சிவாஜினிக்கு அந்தப் பெண்மேல் ஆத்திரம் வரவில்லை. விற்பதற்காகக் கேட்டதுதான், ஆனால் மூன்று வருடமாக இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியை அவள்தான் கேட்டாள். நான் கேட்டிருக்க வேண்டியது அது என்ற எண்ணம் சிவாஜினியின் மனதில் பல நாள் கிடந்தது. அதற்குப் பிறகு, அவர் வேலையால் வந்ததும், அன்று பிள்ளைகளோடு கதைத்ததை ஒன்றும் விடாமல் அவரிடம் சொல்லப் பழகிக்கொண்டாள். நல்லதைச் சொல்வதுபோலவே கெட்டதையும் சொன்னாள். சில நாட்களில் அது அவரைச் சாப்பிட விடவில்லை. ஆனாலும் அவர் கேட்டார்.

ஐந்து கிழமை கழித்து, ஒப்பந்தம் ரத்துச் செய்யப்பட்டதாக நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. முற்பணம் கடனட்டைக்குத் திரும்பியது. அதை அன்டனிடம் சொன்னபோது, தன் மச்சானுக்கு இதைச் சொல்லப்போவதில்லை என்றான், பாவம் மனுசன் வயிறெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அருமைநாதன் இரண்டு பிள்ளைகளுக்கும் போன் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். பெரிதாக ஒன்றும் கதைக்கமாட்டார். கல்கரியில் குளிரா, சாம்பவிக்குப் பள்ளிக்கூடம் எப்படி, அவ்வளவுதான். யூலையில் வினோஜா மகளோடு வந்து நான்கு நாள் நின்றாள். செப்ரெம்பரில் நிதுசனும் கோபிகாவும் வந்தார்கள். ஆறு பேரும் ஒன்றாக இருக்கும் நாள் அந்த வருடம் வரவில்லை.

நிதுசனும் கோபிகாவும் வந்த அன்று சிவாஜினியும் அருமைநாதனும் டோர்வல் விமான நிலையத்துக்குப் போய் அவர்களை ஏற்றிவந்தார்கள். பின் இருக்கையில் சிவாஜினியும் கோபிகாவும். முன்னால், அப்பாவுக்குப் பக்கத்தில் நிதுசன். அவன் மெலிந்திருந்தான், பயணத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தான். பெருஞ்சாலையில் ஏறி, வாகன நெரிசலில் நின்றபோது, யன்னலைப் பார்த்தபடியே, “வினோஜா நம்பர் மாத்தியிட்டாள் போல. பழைய நம்பர் வேலை செய்யுதில்லை” என்றான்.

அவன் எடுத்துப் பார்த்திருக்கிறான் என்பது அப்போதுதான் காருக்குள் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அருமைநாதன், முன்னால் நின்ற வாகனத்தில் இருந்து கண்ணை எடுக்காமல், வினோஜாவின் புதிய இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். நிதுசன் அதைப் போனில் அழுத்திக்கொண்டே வந்தான். கடைசி இரண்டு இலக்கத்தை மறுபடி கேட்டான். அவர் மறுபடி சொன்னார்.

வீட்டுக்கு வந்து பெட்டிகளை இறக்கிய பிறகு, கடைக்குப் போய்ப் பால் வாங்கிவருகிறேன் என்று நிதுசன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினான். குளிர்ப்பெட்டியில் பால் இருந்தது. சிவாஜினி அதைச் சொல்லவில்லை. அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்துவிட்டு, அவன் வர எவ்வளவு நேரமாகும் என்று பார்க்காமல், கோபிகாவோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.